45 டிகிரி: ஓர் எலும்புக் கிண்ணத்தின் கதை



“வட்டம், மையம், கோணம்... இதெல்லாம் படிச்சு என்ன சார் ஆகப்போகுது?” என்று வகுப்பில் கேட்டவர்களில் பலர் இன்று தலை நரைத்து இதைப் படித்துக்கொண்டிருக்கிறீர்கள். அந்தக் கேள்விக்கு இன்று ஒரு பதில். எக்ஸ்ரே படத்தின் மேல் கோணமானியை வைத்து அளந்து, ஒரு மனிதரின் இடுப்பை அறுத்துச் சரிசெய்வதா, அறுக்காமல் விடுவதா என்று முடிவெடுக்கக் கற்றுக்கொண்ட வரலாறு இது. கொஞ்சம் நீளமான பதிவு. காபியோடு உட்காருங்கள்.

முதலில் பெயர். நம் இடுப்பெலும்பில் இரண்டு பக்கமும் ஒவ்வொரு குழி இருக்கிறது. தொடை எலும்பின் உருண்டைத் தலை அதற்குள் உட்கார்ந்து சுழல்கிறது. பள்ளிக்கூடத்தில் ‘பந்துக் கிண்ண மூட்டு’ என்று படித்தீர்களே, அதுதான். அந்தக் கிண்ணத்துக்கு மருத்துவர்கள் சொல்லும் பெயர் அசெட்டாபுலம். லத்தீன் சொல். ரோமானியர்கள் சாப்பாட்டு மேசையில் வினிகர் வைத்துக்கொண்ட சின்னக் கிண்ணத்துக்கு அந்தப் பெயர். அதே சொல் அவர்களிடம் ஒரு முகத்தல் அளவையாகவும் இருந்தது, நம் ஆழாக்கு, உழக்கு மாதிரி. இன்றைய கணக்கில் சுமார் 68 மில்லிலிட்டர். பெயரிலேயே அளவு இருக்கிறது. ஆனால் அந்தக் கிண்ணம் உடைந்தால் எதை அளப்பது என்று தெரிந்துகொள்ள 20ஆம் நூற்றாண்டின் பிற்பாதி வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

இங்கே ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுகிறேன். வீட்டுப் பெரியவர்கள் குளியலறையில் வழுக்கி விழுந்தால் ‘இடுப்பெலும்பு உடைஞ்சிடுச்சு’ என்கிறோம். அது பெரும்பாலும் தொடை எலும்பின் கழுத்திலோ அதற்குச் சற்றுக் கீழோ ஏற்படும் முறிவு. அதாவது பந்தின் பக்கம். நான் இன்று பேசுவது கிண்ணத்தின் பக்கம். இளவயதினருக்கு இது பெரும்பாலும் வண்டி விபத்திலும், உயரத்திலிருந்து விழுவதிலும் வருகிறது. எலும்பு மெலிந்த முதியவர்களுக்கு வீட்டுக்குள் விழுந்தாலே வரலாம்.

கிண்ணம் உடைந்தால் ஏன் இத்தனை கவலை? ஒரு காலை ஊன்றி நடக்கும்போது அந்த மூட்டில் இறங்கும் விசை, உடல் எடையைப் போல் சுமார் இரண்டரை மடங்கு. 60 கிலோ எடையுள்ளவர் என்றால் ஒவ்வோர் அடிக்கும் ஏறக்குறைய 150 கிலோ. இதைத் தாங்குவது பந்துக்கும் கிண்ணத்துக்கும் நடுவே உள்ள வழுவழுப்பான குருத்தெலும்பு. அதன் தடிமன் சில மில்லிமீட்டர்தான். எலும்பு உடைந்தால் கூடிக்கொள்ளும்; இந்தக் குருத்தெலும்பு சிதைந்தால் பழையபடி வளராது. ஆட்டுக்கல்லின் குழியில் ஒரு சில்லு பெயர்ந்து மேடாக நின்றால் குழவி எப்படித் தட்டித் தட்டிச் சுற்றும்? அதுபோலக் கிண்ணத்துக்குள் ஒரு ‘படி’ நின்றுவிட்டால், பாரம் முழுவதும் அந்த விளிம்பில் இறங்கும். சில வருஷங்களில் மூட்டு தேய்ந்து, நடக்கவே வலிக்கும்.

இனி வரலாறு.

1895 நவம்பர் 8ஆம் தேதி ஜெர்மனியின் வூர்ட்ஸ்பர்க் நகரில் வில்ஹெல்ம் ரான்ட்ஜன் எக்ஸ் கதிர்களைக் கண்டுபிடித்தார். சீக்கிரமே கை, கால் முறிவுகளை வெளியிலிருந்தே பார்க்க முடிந்தது. ஆனால் இடுப்புக் கிண்ணம் மட்டும் படத்தில் பிடிபடவில்லை. அதற்குக் காரணம் அதன் வடிவம். மூன்று எலும்புகள் குழந்தைப் பருவத்தில் அந்தக் குழியில் சந்தித்து, பருவ வயதில் ஒன்றாக இணைகின்றன. முன்னும் பின்னும் சுவர், மேலே கூரை, எல்லாம் திருகலாக இருக்கும். எக்ஸ்ரே என்பது நிழல். திருகலான ஒரு பொருளின் நிழல் சுவரில் விழுந்தால் முன்பக்கம் எது, பின்பக்கம் எது என்று எப்படிச் சொல்வது? எல்லாம் ஒன்றின் மேல் ஒன்றாகப் படிந்துவிடும்.

அதனால் அந்தக் காலத்து மருத்துவர்கள் பலவகைக் கிண்ண முறிவுகளை ஒரே பெயரில் அடக்கினார்கள்: ‘மைய இடப்பெயர்வு’. பந்து உள்பக்கமாகத் தள்ளப்பட்டிருக்கிறது என்பதுதான் அதன் பொருள். எந்தச் சுவர் உடைந்தது, கூரை தப்பியதா என்பது அந்தப் பெயரில் கிடையாது. பெயர் மொட்டையாக இருந்தால் வைத்தியமும் அப்படித்தான் இருக்கும். பெரும்பாலும் காலில் எடை கட்டி இழுத்து, வாரக்கணக்கில் கட்டிலில் படுக்க வைத்தார்கள். சிலர் நன்றாக நடந்து போனார்கள், சிலர் ஆயுளுக்கும் நொண்டினார்கள். யார் நடப்பார், யார் நொண்டுவார் என்று முன்கூட்டிச் சொல்ல வழியில்லை.

1961இல் அமெரிக்காவின் பாஸ்டன் நகர மருத்துவர்கள் கார்ட்டர் ரோ, ட்ரென்னன் லோவெல் இருவரும், கிண்ணம் உடைந்த நோயாளிகள் பின்னாளில் எப்படி ஆனார்கள் என்று தேடிப்பார்த்து ஒரு கட்டுரை எழுதினார்கள். அவர்கள் கண்டவற்றில் முக்கியமானது இது: எடையைத் தாங்கும் மேற்கூரை நல்லபடியாக இருந்து, பந்து அதன் கீழ் ஒழுங்காக உட்கார்ந்திருந்தால் மூட்டு தேறுகிறது. கூரையே சிதைந்திருந்தால் தேறுவது கடினம். வீட்டுக்கும் இதே நியாயம்தானே? பக்கச் சுவரில் விரிசல் விட்டால் சமாளிக்கலாம், தளம் இறங்கினால்தான் ஆபத்து. ஆனால் ‘கூரை நல்லபடியாக இருக்கிறது’ என்பதை எப்படி அளப்பது? அதற்கு இன்னும் விடை வரவில்லை.

கதையின் அடுத்த கட்டம் பாரிஸில். அங்கே ராபர்ட் ஜூதே என்ற புகழ்பெற்ற எலும்பு மருத்துவர் இருந்தார். அவரும் சகோதரர் ஜானும் 1946இலேயே அக்ரிலிக் பிளாஸ்டிக்கில் செயற்கைத் தொடை எலும்புத் தலை செய்து பொருத்திப் பார்த்தவர்கள். ராபர்ட் ஜூதேயிடம் பணிக்கு வந்த இளைஞர் எமில் லெதூர்னெல். பிறந்தது 1927இல், கனடாவின் நியூஃபவுண்ட்லாந்து கரையோரம் உள்ள சேன் பியேர் மிக்லோன் என்ற சின்னஞ்சிறு தீவுக் கூட்டத்தில். நம் புதுச்சேரி ஒரு காலத்தில் இருந்தது போல அதுவும் பிரான்சின் வசம். அது இன்றுவரை பிரான்சின் வசமே இருக்கிறது.

லெதூர்னெல் தன் வாழ்நாள் உழைப்பை இந்த ஒரு கிண்ணத்துக்கே கொடுத்தார் என்று சொல்லலாம். அவர் எடுத்துக்கொண்ட முதல் வேலை, நிழலைப் படிக்கக் கற்பது. எக்ஸ்ரேயில் தெரியும் ஒவ்வொரு வெள்ளைக் கோடும் எலும்பின் எந்தப் பரப்பிலிருந்து வருகிறது என்று ஒவ்வொன்றாகக் கண்டறிந்தார். நேராக எடுத்த ஒரு படத்தில் ஆறு அடையாளங்களைப் பார்க்கச் சொன்னார்: முன்தூணைக் காட்டும் கோடு, பின்தூணைக் காட்டும் கோடு, முன்சுவர் விளிம்பு, பின்சுவர் விளிம்பு, கூரை, அப்புறம் கண்ணீர்த் துளி வடிவில் ஒரு நிழல். எந்தக் கோடு அறுந்திருக்கிறதோ அந்தப் பகுதி உடைந்திருக்கிறது.

‘தூண்’ என்றேனே, அதை விளக்க வேண்டும். உண்டிவில் செய்யக் கவட்டைக் கிளை ஒடிப்போமே, அதைத் தலைகீழாகப் பிடித்துப் பாருங்கள். இரண்டு கால்கள் கீழே, ஒரு காம்பு மேலே. இடுப்பெலும்பும் அப்படித்தான் என்றார்கள் ஜூதேயும் லெதூர்னெலும். முன்பக்கம் ஒரு தூண், பின்பக்கம் ஒரு தூண்; இரண்டுக்கும் நடுவே கவட்டையின் இடுக்கில் கிண்ணம். இந்த ஒரு படம் மனசில் பதிந்தால் குழப்பமான முறிவும் புரியத் தொடங்கும்.

அடுத்து, நிழல் ஒன்றின் மேல் ஒன்று விழுகிற சிக்கல். அதற்கு அவர்கள் கண்ட வழி எளிமையானது: ஆளைச் சாய்த்துப் படம் எடுப்பது. நேராக ஒன்று, ஒரு பக்கம் 45 டிகிரி சாய்த்து ஒன்று, மறுபக்கம் 45 டிகிரி சாய்த்து இன்னொன்று. ஒரு சாய்வில் முன்தூணும் பின்சுவரும் தெளிவாகத் தெரியும். மற்றதில் பின்தூணும் முன்சுவரும் தெரியும். இன்றும் அவற்றுக்கு ‘ஜூதே படங்கள்’ என்றே பெயர். புதுக் கருவி எதுவும் இல்லை, இருந்த கருவியைக் கோணம் மாற்றி வைத்தார்கள், அவ்வளவே.

ஜூதே சகோதரர்களும் லெதூர்னெலும் சேர்ந்து 1964இல் அமெரிக்காவின் எலும்பு மருத்துவ இதழில் எழுதிய கட்டுரை இந்தத் துறையையே மாற்றியது. கிண்ண முறிவுகளைப் பத்து வகையாகப் பிரித்தார்கள். ஐந்து தனி வகை, ஐந்து கூட்டு வகை. ஒவ்வொரு வகைக்கும் எந்தப் பக்கத்திலிருந்து திறந்து உள்ளே போக வேண்டும் என்று வழியும் சொன்னார்கள். அறுபது வருஷம் கடந்தும் உலகமெங்கும் மருத்துவர்கள் இந்தப் பத்து வகையைத்தான் படிக்கிறார்கள். ஓர் இடுப்பெலும்பு மாதிரியைக் கையில் எடுத்து, படத்தில் கண்ட முறிவுக் கோட்டை அதன்மேல் வரைந்து பார்ப்பது இத்துறையில் பழகிப்போன பயிற்சி. வரைய முடிந்தால்தான் புரிந்தது என்று பொருள். கரும்பலகைக்கு உங்களைக் கூப்பிட்டு வரையச் சொன்னபோது முணுமுணுத்தவர்கள் இதைக் கவனிக்கவும்.

இப்போது ஒரு நியாயமான சந்தேகம் வரும். எது உடைந்தது என்று தெரிந்துவிட்டது, திறந்து சரிசெய்யும் வழியும் தெரிந்துவிட்டது. அப்படியானால் எல்லோருக்கும் ஆபரேஷன் செய்துவிடலாமே?

கூடாது. கிண்ணம் உடலின் ஆழத்தில் இருக்கிறது. பின்பக்கம் போனால் காலுக்குப் போகும் தடித்த நரம்பு, முன்பக்கம் போனால் பெரிய ரத்தக் குழாய்கள். ரத்த இழப்பு, கிருமித் தொற்று, தசைக்குள் தேவையில்லாமல் எலும்பு வளர்தல் என்று ஆபத்துகள் வரிசையாக உண்டு. தேவையில்லாதவருக்குச் செய்தால் அத்தனையையும் வீணாக அவர் தலையில் சுமத்துகிறோம். தேவையுள்ளவருக்குச் செய்யாமல் விட்டால் மூட்டையே இழக்கிறார். ஆகவே ‘யாருக்குத் தேவையில்லை’ என்று நம்பிக்கையோடு சொல்ல ஓர் அளவுகோல் வேண்டும்.

அதைத் தந்தவர் ஜோயல் மேட்டா. அமெரிக்கர், லெதூர்னெலின் சீடர். அவரும் சக மருத்துவர்களும் 1986இல் வெளியிட்ட ஆய்வில் இந்த அளவு வருகிறது. பெயர் ‘கூரை வில்’. ஒரு தாளும் கவராயமும் கோணமானியும் எடுத்துக்கொள்ளுங்கள், நாமே போட்டுப் பார்த்துவிடலாம்.

ஒரு வட்டம் வரையுங்கள். அது தொடை எலும்பின் தலை. மையத்தைக் குறியுங்கள். மையத்திலிருந்து செங்குத்தாக மேலே ஒரு கோடு போடுங்கள். அது தொடும் இடம்தான் கூரை. இப்போது வட்டத்தைச் சுற்றிய கிண்ணத்தில் முறிவு எந்த இடத்தில் மூட்டுக்குள் நுழைகிறதோ, அந்தப் புள்ளிக்கு மையத்திலிருந்து இன்னொரு கோடு போடுங்கள். இரண்டு கோடுகளுக்கும் நடுவிலுள்ள கோணத்தை அளங்கள். கோணம் பெரிதாக இருந்தால் முறிவு கூரையிலிருந்து தள்ளி இருக்கிறது. கோணம் சிறிதாக இருந்தால் கூரையிலேயே விழுந்திருக்கிறது. இவ்வளவுதான் கணக்கு.

நேர்ப் படத்திலும் சாய்த்தெடுத்த இரண்டு படங்களிலும் இதை அளக்க வேண்டும். மூன்றிலும் 45 டிகிரிக்கு மேல் இருந்து, பந்தும் கிண்ணத்துக்குள் சரியாகப் பொருந்தியிருந்தால், அறுக்காமல் பார்த்துக்கொள்ளலாம் என்றார்கள். அதிலும் ஒரு நிபந்தனை: காலில் கட்டிய எடையை எடுத்துவிட்டு அந்தப் படங்களை எடுக்க வேண்டும். எடை இழுத்துக்கொண்டிருக்கும்போது பந்து ஒழுங்காக இருப்பது போலத் தெரியும். எடையை எடுத்தால்தான் உண்மை நிலை தெரியும். முட்டுக் கொடுத்த சுவர் நேராக நிற்பதை வைத்து அதன் உறுதியைச் சொல்ல முடியுமா?

மேட்டா ஏன் கோணத்தை அளந்தார், நீளத்தை ஏன் அளக்கவில்லை என்று யோசித்தேன். கணக்கு வாத்தியார் புத்தி. எக்ஸ்ரேயில் உருவம் உண்மை அளவைவிடச் சற்றுப் பெரிதாக விழும். ஆள் பருமனாக இருந்தால், கருவி எட்டியோ கிட்டவோ இருந்தால் பெரிதாகும் விகிதமும் மாறும். அதனால் படத்தில் 20 மில்லிமீட்டர் என்று அளந்தால் உடம்பிலும் அதே 20 என்று சொல்ல முடியாது. ஆனால் வடிவொத்த முக்கோணங்கள் ஞாபகம் இருக்கிறதா? உருவம் பெரிதானாலும் சிறிதானாலும் கோணம் மாறாது. ஒன்பதாம் வகுப்பில் நீங்கள் கொட்டாவி விட்ட அதே பாடம். ஆளைச் சாய்த்த அளவு தவறினால் மட்டும் கோணமும் தவறும். அதனால்தான் படம் எடுக்கும் டெக்னீஷியனின் நிதானத்துக்கும் இதில் பங்கு இருக்கிறது.

அடுத்தது சி.டி. ஸ்கேன். இங்கிலாந்தில் காட்ஃப்ரே ஹவுன்ஸ்ஃபீல்டு என்ற பொறியாளர் உருவாக்கிய இந்தக் கருவியில், 1971 அக்டோபர் 1ஆம் தேதி முதல் நோயாளியின் தலை படமெடுக்கப்பட்டது. 1979இல் ஆலன் கார்மாக் என்ற இயற்பியலாளரோடு சேர்த்து அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. வாழைத்தண்டை வட்டம் வட்டமாக அரிந்து ஒவ்வொரு வில்லையையும் பார்ப்பது போல, உடம்பை அரியாமலே வில்லை வில்லையாகக் காட்டும் கருவி இது. நிழலின் மேல் நிழல் விழும் பிரச்சினை இதில் இல்லை.

1993இல் ஸ்டீவன் ஓல்சனும் மேட்டாவும் கூரை வில்லின் கணக்கைச் சி.டி. படத்துக்கு மாற்றிக் கொடுத்தார்கள். கிண்ணத்தின் உச்சியிலிருந்து கீழே 10 மில்லிமீட்டர் வரை உள்ள வில்லைகளில் எலும்பு வளையம் எங்கும் அறுபடாமல் இருந்தால், அது மூன்று படத்திலும் 45 டிகிரி இருப்பதற்கு ஏறக்குறைய சமம் என்றார்கள். கோணம் மில்லிமீட்டர் ஆனது. கணக்கு ஒன்றுதான், கேட்கும் விதம் வேறு.

இதே காலத்தில் இன்னொரு கேள்விக்கும் விடை தேடினார்கள். காரின் முன்சீட்டில் உட்கார்ந்திருப்பவரின் முழங்கால், மோதும்போது முன்பலகையில் இடிக்கிறது. தொடை எலும்பு பின்னால் தள்ளப்பட்டு, கிண்ணத்தின் பின்சுவரை உடைத்துக்கொண்டு வெளியே வருகிறது. பந்தைத் திரும்ப உள்ளே தள்ளிவிடலாம். ஆனால் உடைந்த சுவரோடு அது உள்ளே நிற்குமா? கூரை வில் இங்கே செல்லாது. உடைந்தது கூரை அல்ல, பின்சுவர். 1988இல் கீத், பிராஷியர், கில்ஃபோர்டு என்ற மூவர் சி.டி. படத்தில் பின்சுவரின் எத்தனை பங்கு உடைந்தது என்று அளந்தார்கள். 20 சதவீதத்துக்குக் கீழ் என்றால் மூட்டு நிலையாக நின்றது. 40 சதவீதத்துக்கு மேல் என்றால் நிற்கவில்லை. இரண்டுக்கும் நடுவே எப்படி வேண்டுமானாலும் இருக்கலாம்.

நடுவில் மாட்டிக்கொண்டவருக்கு என்ன வழி? 1999இல் பால் டோர்னெட்டா ஒரு வழியை எழுதினார். நோயாளிக்கு மயக்க மருந்து கொடுத்து, நகரும் எக்ஸ்ரேயில் பார்த்தபடியே காலை மடக்கித் திருப்பி அழுத்திப் பார்ப்பது. பந்து நழுவினால் ஆபரேஷன், நழுவாவிட்டால் வேண்டாம். அப்படிச் சோதித்தபோது, காகித அளவுகோலில் தேறிய சிலருக்கும் மூட்டு நிற்கவில்லை என்று தெரிந்தது. பின்னால் வந்த ஆய்வுகளிலும் 20 சதவீதத்துக்குக் குறைவாக உடைந்திருந்தும் நழுவிய மூட்டுகள் இருந்தன. உடைந்த பங்கு எவ்வளவு என்பதோடு, உடைப்பு எவ்வளவு மேலே ஏறிப் போகிறது என்பதும் முக்கியம் என்று புரிந்தது.

கூரை வில்லின் 45 டிகிரியும் மறுபரிசீலனைக்கு வந்தது. அதே 1999இல் மார்க் வ்ராஹாஸும் குழுவினரும் ஆய்வுக்கூடத்தில் செயற்கையாக முறிவுகளை உண்டாக்கி, பாரம் ஏற்றிப் பார்த்தார்கள். எல்லாப் பக்கமும் ஒரே கோணம் பொருந்தவில்லை. உள்பக்கம் 45, முன்பக்கம் 25, பின்பக்கம் 70 டிகிரி என்று எல்லைகள் வந்தன. முன்பக்கம் கூரைக்குக் கொஞ்சம் கிட்டே உடைந்தாலும் தாங்கிக்கொள்கிறது. பின்பக்கம் தள்ளி உடைந்தாலும் ஆபத்து இருக்கிறது. தரையிலிருந்தும் நாற்காலியிலிருந்தும் எழும்போது பாரம் கிண்ணத்தின் பின்பக்கம்தான் இறங்குகிறது என்பதை நினைத்தால் இது புரியும்.

அறுத்துச் சரிசெய்பவர்களுக்கும் அளவு வந்தது. மேட்டா 1996இல், காயம்பட்டு மூன்று வாரத்துக்குள் ஆபரேஷன் செய்த 262 முறிவுகளின் கணக்கை வெளியிட்டார். துண்டுகளைச் சேர்த்த பிறகு படத்தில் மிச்சமிருக்கும் விலகலை அளந்தார். 1 மில்லிமீட்டர் வரை என்றால் ‘இயற்கை அமைப்பு’. 2, 3 மில்லிமீட்டர் என்றால் ‘குறை உள்ளது’. 3ஐத் தாண்டினால் ‘மோசம்’. உங்கள் ஸ்கேலில் இருக்கும் மிகச் சிறிய கோட்டிடைவெளிதான் 1 மில்லிமீட்டர். அத்தனை நுட்பமாக 71 சதவீதம் பேருக்குச் சேர்க்க முடிந்தது. சராசரியாக ஆறு வருஷம் கழித்துப் பார்த்ததில், மொத்தத்தில் 76 சதவீதம் பேருக்கு மூட்டு நன்றாகவோ மிக நன்றாகவோ இருந்தது. எவ்வளவு நுட்பமாகச் சேர்ந்ததோ அவ்வளவுக்கு நல்ல பலன். தன் வேலையைத் தானே மில்லிமீட்டரில் அளந்து, 7 சதவீதம் ‘மோசம்’ என்று அச்சில் போட்டாரே, அது எனக்குப் பிடித்தது. தன் விடைத்தாளைத் தானே திருத்திச் சிவப்பு மையில் மதிப்பெண் போடுகிறவர்கள் குறைவு.

2017இல் வந்த ஓர் ஆய்வு இன்னும் ஒரு படி போனது. ஆபரேஷன் முடிந்தபின் எடுக்கும் சி.டி., மிச்சமிருக்கும் படியையும் இடைவெளியையும் சாதாரண எக்ஸ்ரேயைவிடச் சரியாகக் காட்டுகிறது, மூட்டு எத்தனை காலம் தாங்கும் என்று கணிக்கவும் உதவுகிறது என்றது. எக்ஸ்ரேயில் முழு மதிப்பெண் வாங்கிய வேலை, சி.டி.யில் சில மதிப்பெண் இழக்கலாம். அளவுகோல் கூர்மையானால் ஆசிரியர்களுக்கும் பரீட்சை கடினம்தான்.

எதற்காக இவ்வளவும் எழுதினேன்?

இந்த அளவுகளின் பெரிய உதவி, ‘அறுக்க வேண்டாம்’ என்று சொல்லும் துணிவை மருத்துவருக்குத் தந்தது. அதற்கு முன் ‘வேண்டாம்’ என்பது இயலாமையாக இருந்தது. பிறகு அது காரணம் காட்டிச் சொல்லும் முடிவானது. ஆனால் நம் வீடுகளில் நடப்பது என்ன? “பணம் கட்டத் தயாரா இருக்கோம், ஏன் டாக்டர் ஆபரேஷன் பண்ண மாட்டேங்கறீங்க?” என்று ஒரு மாமா கேட்பார். “கத்தி வைக்காதீங்க, ஊருக்குக் கூட்டிட்டுப் போய்க் கட்டுப் போட்டுக்கலாம்” என்று இன்னொரு சித்தப்பா சொல்வார். இரண்டு பேருக்கும் அந்தப் பிள்ளை மேல் பாசம்தான். ஆனால் இரண்டு பேரும் படத்தைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டிருக்க மாட்டார்கள்.

இதில் நேரமும் ஒரு கணக்கு. ‘மூன்று வாரத்துக்குள்’ என்று மேலே வந்ததே, அதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். எலும்பு தானாகக் கூட ஆரம்பித்துவிடும்; துண்டுகள் தப்பான இடத்தில் ஒட்டிக்கொள்ளும்; எது எங்கே இருந்தது என்ற கோடு அழிந்துபோகும். அதன்பிறகு 1 மில்லிமீட்டருக்குள் சேர்ப்பது மிகக் கடினம். கட்டுப் போட்டுப் பார்ப்போம், ஜோசியம் கேட்போம், நல்ல நாள் வரட்டும் என்று நாள் கடத்தினால், கெட்டிக்கார மருத்துவர் கிடைத்தும் பயனில்லாமல் போகலாம்.

நான் வைத்தியன் அல்ல, கணக்கு வாத்தியார். மருந்து சொல்ல மாட்டேன். ஆனால் கேள்வி கேட்கச் சொல்லித்தருவது என் தொழில். யாருக்காவது இப்படி ஒரு நிலை வந்தால், மரியாதையோடு இந்த நான்கையும் கேளுங்கள்: “மூன்று கோணத்திலும் படம் எடுத்தாயிற்றா, சி.டி. பார்த்தாயிற்றா? எடை தாங்கும் கூரையில் முறிவு இருக்கிறதா? பந்து தானாகவே சரியாக உட்கார்ந்திருக்கிறதா? இந்த வகை முறிவை அடிக்கடி செய்யும் மருத்துவரிடம் எத்தனை நாளுக்குள் போக வேண்டும்?” படங்களையும் சி.டி. தட்டையும் கையோடு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். வேறொரு மருத்துவரிடம் கருத்துக் கேட்கப் போனால் உங்கள் வாய்வார்த்தையைவிட அந்தப் படம் தெளிவாகப் பேசும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 45 டிகிரி என்று ஞாபகம் வைத்துக்கொண்டு மருத்துவரிடம் வாக்குவாதத்துக்குப் போகாதீர்கள். அந்தக் கோணம் எல்லா முறிவுக்கும் பொருந்தாது. பின்சுவர் முறிவுக்குப் பொருந்தாது என்று பார்த்தோம். இரண்டு தூண்களும் உடைந்து, கிண்ணத்தின் எந்தத் துண்டும் மேல் இடுப்போடு ஒட்டாமல் மிதந்தால் அதற்கும் பொருந்தாது. அளப்பதற்கு நிலையான கூரையே அங்கே இல்லை. சில வேளை அந்தத் துண்டுகளே பந்தைச் சுற்றிப் பாங்காகக் கூடி நிற்பதையும் லெதூர்னெல் கவனித்து எழுதினார். வயது, எலும்பின் வலு, நோயாளியின் மற்ற நோய்கள் எல்லாம் கணக்கில் வரும். எலும்பு மெலிந்த முதியவருக்கு முறிவைச் சேர்ப்பதோடு அப்போதே செயற்கை மூட்டும் வைப்பது நல்லது என்று முடிவெடுக்கலாம். சூத்திரம் தெரிந்தால் மட்டும் போதாது, அது எந்தக் கணக்குக்குச் செல்லும் என்றும் தெரிய வேண்டும் என்று உங்களுக்கு எத்தனை முறை சொல்லியிருப்பேன்!

லெதூர்னெல் 1994இல் காலமானார். அவர் தொடங்கியபோது ஒரு கிண்ணம் உடைந்தால் கட்டிலும் கயிறும்தான் இருந்தன. அவர் போனபோது பத்துப் பெயர்களும், மூன்று படங்களும், கோணமும், மில்லிமீட்டரும், அவற்றைப் படிக்கத் தெரிந்த மாணவர்களும் பல நாடுகளில் இருந்தார்கள். ஆசிரியராக இருந்தவனுக்கு அந்தக் கடைசி விஷயம்தான் கண்ணில் நிற்கிறது. சீடர் மேட்டா குருவின் படத்தில் ஒரு கோணத்தைச் சேர்த்தார். பின்னால் வந்தவர்கள் அந்தக் கோணத்தையே சோதித்துத் திருத்தினார்கள். குரு சொன்னதை அப்படியே ஒப்பித்திருந்தால் முன்பக்கம் 25, பின்பக்கம் 70 என்று யாருக்கும் தெரிந்திருக்காது.

உங்களில் சிலர் மருத்துவராகவும் செவிலியராகவும் எக்ஸ்ரே டெக்னீஷியனாகவும் இருக்கிறீர்கள். இதில் சேர்க்க வேண்டியது, திருத்த வேண்டியது இருந்தால் தயங்காமல் எழுதுங்கள். வண்டி ஓட்டும் பிள்ளைகள் ஹெல்மெட்டோடும் நிதானத்தோடும் போங்கள். காரில் சீட் பெல்ட் போடுங்கள், முன்பலகையில் கால் நீட்டி உட்காராதீர்கள். பாட்டி தாத்தா இருக்கும் வீடுகளில் குளியலறைத் தரையை ஈரமில்லாமல் வையுங்கள்.

எல்லோரும் நலமாக இருக்க வாழ்த்துகள்.

அன்புடன்,
உங்கள் கணக்கு வாத்தியார்